நீலகிரியில் முதியோர் உதவித்தொகை: மனு எந்த மேசையில் நிற்கிறது? முழுமையான வழிகாட்டி

நீலகிரி மாவட்டத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில், சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். ஓய்வு பெற்றும் அந்த வேலை என்னை விடவில்லை. பக்கத்து ஹட்டியிலிருந்தோ (படகர் ஊர்) எஸ்டேட் லயத்திலிருந்தோ (தொழிலாளர் வரிசை வீடுகள்) யாராவது ஒரு மஞ்சப்பையோடு வாசலில் வந்து நிற்பார்கள். பைக்குள் இருப்பது எப்போதும் ஒரே சரக்குதான்: ஏழெட்டு ஆதார் நகல், ஓரம் நைந்த ரேஷன் கார்டு, யாரோ எழுதிக் கொடுத்த மனு, ஒரு சிபாரிசுக் கடிதம், சாதிச் சான்று. இதில் பாதி தேவையே இல்லை. சாதிச் சான்றுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதற்காக மூன்று மாதம் அலைந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையான ஒன்று மட்டும் அந்தப் பையில் இருக்காது. அதுதான் விண்ணப்ப எண்.

அந்த எண் கையில் இருந்தால் மனு இப்போது யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில், எந்தத் துறை?

பெயர்தான் குழப்பம். 'சமூகநலம்' என்ற பலகையைப் பார்த்து மாவட்ட சமூகநல அலுவலகத்தில் வரிசையில் நிற்பார்கள். அங்கே பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், திருமண உதவி, தையல் இயந்திரம் போன்றவை நடக்கும். மாதாமாதம் வரும் முதியோர், விதவை உதவித்தொகைகளைக் கொடுப்பது வருவாய்த் துறை. சென்னை எழிலகத்தில் இருக்கும் வருவாய் நிர்வாக ஆணையரகம் மேலே. மாவட்டத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென ஒரு தனித்துணை ஆட்சியர். தாலுகாவில் அதே திட்டத்துக்கான தனி வட்டாட்சியர். ஊரில் இவரை 'எஸ்.எஸ்.எஸ். தாசில்தார்' என்பார்கள். வழக்கமான தாசில்தார் வேறு, இவர் வேறு. ஒரே கட்டடத்தில் இருந்தாலும் அறை வேறு. அவருக்குக் கீழே வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ.; அடுத்து வி.ஏ.ஓ.; கடைசியில் கிராம உதவியாளர். பழைய ஆட்கள் இன்னும் தலையாரி என்றுதான் சொல்வார்கள்.

உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலுகா. உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பஸ் எங்கே போகிறதோ அதுவே தாலுகா என்று நினைத்து, குந்தா ஆட்கள் உதகைக்கும் பந்தலூர் ஆட்கள் கூடலூருக்கும் போய்த் திரும்புவது இன்றும் நடக்கிறது.

எந்தத் திட்டத்தில் போடுவது?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் 1,000 ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியமும் இதற்குள்ளேயே கலந்து வருகிறது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 தாண்டினால் 500. மீதியை மாநிலம் போடும். 80 ஆனதும் கைக்கு 300 ரூபாய் கூடும் என்று காத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கூடுவது மத்திய அரசின் பங்கு மட்டும்.

பெண்களுக்கு வேறு வாசல்களும் உண்டு. ஆதரவற்ற விதவை என்றால் 18 வயது முடிந்திருந்தால் போதும், அறுபது வரை காத்திருக்க வேண்டாம். கணவர் விட்டுப்போனவர் என்றால் 30 வயதுக்கு மேல். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிந்து 5 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். திருமணமே ஆகாத ஏழைப் பெண்ணுக்கு 50 வயது. இது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறையில் 1,500 ரூபாய் தனியாக இருக்கிறது. ஆனால் கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் அதற்கு முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். அது 2,000. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

இன்னொன்று. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வாங்கும் பெண் தன் பெயரில் முதியோர் உதவித்தொகையும் வாங்க முடியாது. ஒன்று வந்தால் இன்னொன்று நிற்கும். வீட்டில் பாட்டி முதியோர் பணம் வாங்கினால் மருமகளுக்கு உரிமைத்தொகை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அது வேறு கணக்கு.

காகிதத்தில் மூன்று முடிச்சு

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம். விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்று. இவ்வளவுதான். ஆனால் மலையில் இந்த எளிய பட்டியலே மூன்று இடத்தில் முடிச்சு விழும்.

ஒன்று, வயது. எஸ்டேட்டில் பெயர் பதியும்போது வாய்க்கு வந்த வயதைச் சொன்ன காலம் உண்டு. வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பி.எஃப். புத்தகத்தில் ஒன்று. பார்த்தால் எழுபது சொல்லலாம், ஆதாரில் ஐம்பத்தாறு. பணியர், காட்டுநாயக்கர், இருளர் குடியிருப்புகளில் பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் அதிகம். ஆதாரில் வயது தவறு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். பிறந்த தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்ற விடமாட்டார்கள். அதனால் உத்தேசமாகத் திருத்தி ஒரு வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு ஆவணமே இல்லாதவர்கள் அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கும் வழியை வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள்.

இரண்டு, ரேஷன் கார்டு. மகன் கார்டில் அம்மா பெயர் இருந்தால் 'மகன் பராமரிப்பில் இருக்கிறார்' என்று பொருள்கொள்ள இடம் உண்டு. தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர் என்றால் தனிக் கார்டு வாங்கிவிட்டு வருவது நல்லது. கார்டுக்காகப் பொய்யாகப் பிரிப்பது வேண்டாம். அடுப்பு ஒன்றா இரண்டா என்பது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது முடிச்சு நிலம், இதுதான் பெரிது. சொத்து மதிப்பு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சமவெளியில் இது பெரிய பேச்சில்லை. இங்கே ஹட்டிகளில் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் பதினைந்து பேர் பெயரோடு பெரியவர் பெயரும் இருக்கும். உண்மையில் அவர் பங்கு இருபது சென்ட் தேயிலை. அதையும் வாய்மொழியாக மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்து பத்து வருடம் ஆகியிருக்கும். கொழுந்து பறித்து வரும் காசு மகன் கணக்கில். ஆனால் சிட்டாவைத் திறந்தால் பெரியவர் இன்னும் நிலச்சுவான்தார். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கதை நேர் எதிர். 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில (ஜமீன் போன்ற பரம்பரை உரிமை) ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் உரிமைச் சிக்கல் தீராத நிலங்களில் குடியிருப்பவர்களுக்குப் பட்டாவே கிடையாது. வசிப்பிடத்தை நிரூபிப்பதே அவர்களுக்குத் தனிப் போராட்டம்.

கூட்டுப் பட்டாக்காரர்கள் தங்கள் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி, பட்டா நகலோடு விசாரணையின்போது வி.ஏ.ஓ. கையில் கொடுங்கள். அவர் சிட்டாவில் தானாகப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் சொல்வது நல்லது. உதவித்தொகைக்காக அவசரப்பட்டு நிலத்தை மகன் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிவிடாதீர்கள். மாதம் 1,200-க்காக இருக்கும் ஒரே பிடியையும் விட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றவர்களை அந்த மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

இ-சேவை மையத்தில்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. முதலில் கேன் எண் (CAN) என்று உங்கள் விவரங்களை ஒரு பதிவு போடுவார்கள், பிறகு விண்ணப்பம். கைபேசி எண் கேட்கும்போது அடிக்கடி சிம் மாற்றும் பேரன் எண்ணைக் கொடுக்காதீர்கள். தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆவணங்களை மங்கலாக ஸ்கேன் செய்தால் மனு அதற்காகவே திரும்பும். திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள். கட்டணம் பலகையில் இருக்கும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதில்தான் விண்ணப்ப எண் இருக்கிறது. அதைக் கைபேசியில் படம் எடுத்து, ரேஷன் கார்டின் பின்னட்டையிலும் எழுதிவையுங்கள்.

விசாரணை

மனு இனி கணினி வழியாக வி.ஏ.ஓ.வுக்குப் போகும். அவர் எழுதும் நாலு வரியில்தான் மொத்தமும் இருக்கிறது. ஆர்.ஐ. அதைப் பார்த்துப் பரிந்துரைப்பார், தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் கீழே எழுதியதைத்தான் படிக்கிறார்கள்.

வி.ஏ.ஓ.வின் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். இங்கே ஒரு வருவாய்க் கிராமம் என்றால் ஒரு ஊர் இல்லை; மூன்று மலைச் சரிவில் சிதறிக் கிடக்கும் இருபது குடியிருப்பு. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். இதில் பக்கத்துக் கிராமத்துக்கும் கூடுதல் பொறுப்பு என்றால் அவர் எந்த நாள் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதனால் 'வீட்டுக்கு வருவார்' என்று காத்திருக்காமல், விண்ணப்பித்த ஒரு வாரத்தில் நேரில் போய் எண்ணைச் சொல்லி, எந்த நாளில் வரலாம் என்று கேட்டுவிடுங்கள். தலையாரியிடம் சொல்லிவைப்பது அதைவிட வேகம். யார் வீடு எங்கே, யார் பிள்ளை எங்கே என்பது அவருக்கு மனப்பாடம்.

விசாரணை எப்படிக் கெடும் என்பதற்கு ஒரு காட்சி. ஒரு லயத்து வீட்டு வாசலில் நானும் கூட இருந்தேன்.

"பாட்டி, பையன் எங்க இருக்கான்?"

"திருப்பூர்ல சார். பனியன் கம்பெனியில."

"பணம் அனுப்புறானா?"

"அனுப்புவான் சார், நல்ல பையன்."

வி.ஏ.ஓ. 'மகன் பராமரித்து வருகிறார்' என்று குறித்துக்கொண்டார். பாட்டி மகனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்ன பதில் அது. அப்புறம் நான்தான் கேட்டேன்: கடைசியாக எப்போது அனுப்பினான், எவ்வளவு? போன தீபாவளிக்கு ஐந்நூறு ரூபாய். அதற்கு முன்னால்? யோசித்துப் பார்த்தும் பாட்டிக்கு நினைவுக்கு வரவில்லை. குறிப்பு மாற்றி எழுதப்பட்டது.

ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. 'அனுப்புவான்' என்பதற்குப் பதில் 'வருஷத்துக்கு ஒருமுறை ஐந்நூறு' என்று தொகையும் தேதியும் சொன்னால் போதும். பி.எஃப். பென்ஷன் வருகிறது என்றால் மறைக்க வேண்டாம். வங்கிப் புத்தகத்தில் வரி வரியாக இருக்கும், பிறகு மாட்டினால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

எஸ்டேட்டில் ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனவர்கள், இப்போது குடியிருக்கும் முகவரிக்கு ஆதாரையும் ரேஷன் கார்டையும் மாற்றிவிட்டு அங்கேயே விண்ணப்பியுங்கள். பழைய முகவரியில் போட்டால் வி.ஏ.ஓ. வந்து பார்த்து 'இங்கு குடியில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எந்த மாதம் போடலாம்?

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் இது. மே மாதம் உதகையில் மலர்க் காட்சியும் கோடை விழாவும். வருவாய்த் துறையில் பாதிப் பேர் அந்த வேலையில் இருப்பார்கள். ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி நாட்களில் வி.ஏ.ஓ. நிவாரண முகாமில் அரிசி அளந்துகொண்டிருப்பார், உங்கள் மனு கணினியில் உறங்கும். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். என் கணக்கில் பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்ல காலம். ஏற்கெனவே போட்டு நிற்கும் மனுவை ஜமாபந்தியில், அதாவது வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கையில், எழுப்பலாம். கணக்குப் புத்தகங்களோடு எல்லா வி.ஏ.ஓ.க்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை. அந்த மேசையில் உங்கள் எண்ணைச் சொன்னால் பதில் அங்கேயே கிடைக்கும்.

எஸ்.எஸ்.எஸ். அறைக்குள்

தாசில்தார் ஒருவர், உதவியாளர் ஒருவர், கணினியில் ஒருவர். கொஞ்சம் பெரிய தாலுகா என்றால் இன்னும் ஓரிருவர். புது மனுக்களைப் பார்ப்பது இவர்கள் வேலையில் ஒரு பங்குதான். ஒவ்வொரு மாதமும் உயிரோடிருப்பவர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்; இறந்தவர், ஊர் மாறியவர் பெயரை நீக்க வேண்டும்; வங்கியிலிருந்து திரும்பி வந்த பணத்துக்குக் காரணம் தேட வேண்டும். மாதக் கடைசியில் அந்த அறைக்குப் போனால் யாரும் தலை நிமிர்ந்து பார்க்காததற்குக் காரணம் அதுதான். மாதத்தின் இரண்டாவது வாரம் போங்கள்.

உத்தரவு கையில் வந்தும் பணம் வராமல் பல மாதம் காத்திருப்பவர்கள் உண்டு. இத்தனை பேருக்குத்தான் என்று எண்ணிக்கை மேலேயிருந்து வருவதால், இடம் காலியாகும்போதுதான் அடுத்தவர் பெயர் ஏறும். இதை முன்கூட்டிச் சொல்ல அலுவலகத்தில் யாருக்கும் மனம் வராது. 'அடுத்த மாசம் வந்துரும்' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "என் உத்தரவு பட்டியலில் ஏறிவிட்டதா, காத்திருப்பில் இருக்கிறதா?"

தள்ளுபடி ஆனால்

காரணம் எழுத்தில் வாங்குங்கள். 'தகுதியில்லை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. காரணம் சிறியதென்றால் (மங்கலான நகல், முகவரி) திருத்திப் புதிதாகப் போடுவது விரைவு. வி.ஏ.ஓ.வின் அறிக்கையே தவறு என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் உதகை பிங்கர்போஸ்ட்டில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அங்கே வாங்கும் மனு சுற்றிவந்து அதே எஸ்.எஸ்.எஸ். மேசைக்கே வரும் என்பது உண்மைதான், ஆனால் இம்முறை பதில் சொல்லியாக வேண்டிய தேதியோடு வரும். அவ்வளவு தூரம் பஸ் ஏற முடியாதவர்கள் முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணில் புகார் பதியலாம். எதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. 'என் மனு மீது வி.ஏ.ஓ. அளித்த அறிக்கையின் நகல் வேண்டும்' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் மழுப்பல்தான் வரும்.

'வசதியான மகன் இருக்கிறார்' என்பதுதான் காரணம், ஆனால் அந்த மகன் ஒரு பிடி சோறு போடுவதில்லை என்றால் பாதை வேறு. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இன்படி கோட்டாட்சியரே தீர்ப்பாயம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் தேவையில்லை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

பணம் வந்தபிறகு: விரல்

வங்கி மலைக்குக் கீழே, பாட்டி மலைக்கு மேலே. அதனால் கைக்கருவியோடு ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் விரல் வைத்துப் பணம் வாங்குவதுதான் வழக்கம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள் அவை. ரேகை தேய்ந்திருக்கும், தேயிலைக் கறை வெடிப்புகளுக்குள் கருப்பாக இறங்கியிருக்கும், டிசம்பர் உறைபனியில் தோல் பிளந்திருக்கும். கருவி சிவப்பு விளக்கு காட்டும். "அடுத்த மாசம் பாக்கலாம் ஆயா" என்று முகவர் போய்விடுவார்.

முந்தின இரவு விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் கருவி ஏற்காது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கியபின் வையுங்கள். கட்டைவிரல் மட்டுமே என்று பிடிவாதம் வேண்டாம். பத்து விரலும் பதிவில் இருக்கிறது, மோதிர விரல் பல சமயம் கைகொடுக்கும், அது கொழுந்து கிள்ளாத விரல். எதுவுமே படியவில்லை என்றால் ஆதார் மையத்தில் விரலையும் கண்ணையும் புதிதாகப் பதிந்து வாருங்கள். அதுவரை வங்கிக் கிளையில் நேரில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து எடுக்கலாம்.

முகவர் கொடுக்கும் ரசீதில் எவ்வளவு என்று பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 1,200 என்று இருந்து கையில் 1,150 வந்தால் அந்தச் சீட்டுத்தான் சாட்சி.

திடீரென்று நின்றுபோனால்

முதலில் தாலுகாவுக்கு ஓட வேண்டாம், வங்கிக்குப் போங்கள். கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கலாம். ஆதார் வழியாக அனுப்பும் பணம், ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு ஐந்து மாதம் பணம் வரவில்லை. கடைசியில் பார்த்தால், சிம் கார்டு வாங்கிய இடத்தில் விரல் வைத்தபோது அவர் பெயரில் ஒரு புதுக் கணக்குத் திறந்திருக்கிறது. ஐந்து மாதப் பணமும் அங்கே பத்திரமாகக் கிடந்தது. வங்கியில் சிக்கல் இல்லையென்றால்தான் எஸ்.எஸ்.எஸ். அறை. வருடாந்தரச் சரிபார்ப்பில் ஆள் இல்லை என்று பெயர் நீங்கியிருக்கலாம். பிரசவத்துக்கு உதவ மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இது சகஜம். ஊரைவிட்டுப் போகும்போது தலையாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

வாங்கிக்கொண்டிருந்தவர் காலமானால் இறப்புச் சான்றின் நகல் ஒன்றை வி.ஏ.ஓ.விடம் கொடுத்துவிடுங்கள். அவருடைய வங்கி அட்டையை வைத்து அடுத்த மாதமும் எடுத்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அந்த நகல் தாலுகாவுக்குப் போய்ச் சேரும் மாதத்தில்தான் காத்திருப்புப் பட்டியலில் மேலே நிற்பவரின் பெயர் ஏறும். அநேகமாக அதே லயத்தில், இரண்டு வீடு தள்ளி இருப்பவராக இருப்பார்.